பெரகலையில் நின்ற பஸ்

என் மனைவி பாக்கியம் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்னத் தொடங்கியபோது அதை ஒரு நோயின் தொடக்கமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பல் ஆடுகிறது, வாய்க்குச் சோம்பல் வந்துவிட்டது என்று கேலி செய்தேன். இரண்டு மாதத்தில் ஊறிய ரொட்டியும் இறங்கவில்லை. தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, "இந்த எடத்துல நிக்கிதுங்க" என்பாள். தண்ணீர் குடித்துப் பார்ப்பாள். பிறகு எழுந்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

"சோத்துல ஒக்காந்தா எந்திரிக்க மாட்டியா? மணி என்னா ஆகுது?" என்று நான் கத்தியிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். விழுங்கச் சிரமப்படுகிறவரை அவசரப்படுத்தாதீர்கள். சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் ஐந்து மாதம் தாமதித்தோம். அந்த ஐந்து மாதத்துக்கும் பொறுப்பு நான்தான்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கங்காணியாக இருந்தவன் நான். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று அவர்களை வேலை வாங்குவது கங்காணியின் தொழில். எனக்குப் படிப்பு குறைவு, குரல் அதிகம். என் குரல் எட்டாத மூலை எங்கள் மலைகளில் இல்லை என்று ஆட்களே சொல்லிச் சிரிப்பார்கள். பாக்கியமும் என் கூட்டத்தில்தான் கொழுந்து பறித்தாள்.

எங்கள் ஒரே மகள் கலா பண்டாரவளையில் படிப்பிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் தாயின் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. "அப்பா, நீங்க கண்ணத் தொறந்துதானே வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் எண்டொஸ்கொபி (கெமரா பொருத்திய குழாயை வாய் வழியாக விட்டு உணவுக்குழாயைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். அதே குழாய் வழியாகச் சிறு சதைத்துண்டும் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை செய்ய அவளுடைய நுரையீரல் இடம் கொடுக்காது. சிறு வயதிலிருந்து விறகடுப்புப் புகை குடித்த நெஞ்சு அது. அடைத்த இடம் தொண்டைக்கு மிக அருகில் இருந்ததால் உள்ளே கம்பிவலைக் குழாய் வைத்துத் திறந்து வைக்கவும் முடியாது என்றார்கள்.

செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. மூன்று வாரத்துக்கு ஒரு முறை குழாயை உள்ளே விட்டு, சுருங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பது. டைலட்டேஷன் என்று பெயர். விரித்தால் சாப்பிடலாம். விரிக்காவிட்டால் கஞ்சித் தண்ணீரும் இறங்காது. அவள் எவ்வளவு நாள் இருப்பாள் என்பது யார் கையிலும் இல்லை. இருக்கும் நாளில் வாயால் சாப்பிடுவாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

முதல் முறை வழக்கமான அளவு மயக்க ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் இரத்தத்தில் ஒக்சிஜன் இறங்கி, தலைமாட்டில் இருந்த கருவி கத்தத் தொடங்கியது. நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் முறை ஊசியைக் குறைத்தார்கள். பாதி விழிப்பில் குமட்டி, மூச்சு முட்டி, குழாயைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டாள். வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது உதடு கிழிந்திருந்தது.

"இனி என்னயக் கூட்டிப் போகாதீங்க. பட்டினியா கெடந்து சாகுறேன், அது பரவால்ல" என்றாள்.

மயக்க மருந்துப் பிரிவில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். எங்களை உட்காரவைத்துப் பேசியவர் அவர்தான். அவர் சிங்களத்தில் சொன்னதை ரிஸ்மியா என்ற தாதி தமிழில் சொன்னார். ரிஸ்மியா பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள்.

ஊசியைக் கொஞ்சமாகப் போட்டு, கூடவே ஹிப்னோசிஸ் (மெதுவான பேச்சால் நோயாளியின் கவனத்தை வலியிலிருந்து விலக்கி வேறிடத்தில் நிறுத்திவைப்பது) செய்து பார்க்கலாம் என்றார் டொக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஹிப்னோசிஸ், பதுளையில் ஒரு களியாட்ட விழாவில் ஒருவனை மேடையில் ஏற்றி, பெரிய வெங்காயத்தை அப்பிள் என்று தின்னவைத்ததுதான். அதைச் சொன்னேன். டொக்டரும் சிரித்தார்.

"அது வேடிக்கை காட்டுறதுங்க ஐயா" என்றார் மிஸ்ஸி. "இதுல யாரும் யாரையும் ஆட்டி வைக்கிறது இல்ல. அம்மா முழிச்சுத்தான் இருப்பாங்க. ஆனா மனசு வேற ஒரு எடத்துல இருக்கும். அந்த எடத்துல பயம் இல்லாட்டி ஒடம்பும் எதுத்து நிக்காது. ஊசியும் கொஞ்சம் போதும்."

பேசுகிறவர் தமிழில் பேச வேண்டும். மிஸ்ஸி நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு, எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். இடைவிடாமல் பேச அவரால் முடியாது. "இவங்களுக்கு ரொம்பப் பழகின குரல் யாரோடது?" என்று டொக்டர் கேட்டார். பாக்கியம் என்னைக் காட்டினாள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் குரல் அவளுக்கு எப்படிப் பழகியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

டொக்டர் இரண்டு வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூச்சை மெல்ல இழுக்கச் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்ல வேண்டும். பிறகு அவளுக்குப் பிடித்த ஓர் இடத்துக்கு மனதால் அழைத்துப் போக வேண்டும். அது எந்த இடம் என்பதை நானும் பாக்கியமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். நான் அவளிடம் பேசவில்லை. நானே முடிவு செய்தேன்.

ஏழாம் நம்பர் மலையைத் தேர்ந்தெடுத்தேன். பனி விலகும் காலையில் அந்த மலை உச்சியில் நின்றால் பதுளைப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். எத்தனையோ வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்தி அங்கே படம் எடுத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் அந்த உச்சியில் குடை பிடித்து நின்றவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

லயத்தில் எங்கள் அறையான காம்பராவுக்குள் உட்கார்ந்து பேசிப் பழகினேன். லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டிலிருந்து, "என்னா கங்காணியாரே, நாடகத்துக்குப் பேரு குடுத்திருக்கீங்களா?" என்று குரல் வரும். நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன்.

மூன்றாம் முறை விரிக்கும் நாளில் பாக்கியத்தை இடப்பக்கமாகப் படுக்கவைத்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்தைப் பீய்ச்சி அடித்தார்கள். ஊசி போடும் முன்பே பேச்சைத் தொடங்கச் சொன்னார் டொக்டர்.

"பாக்கியம், கண்ண மூடிக்க. மூச்ச மெதுவா இழு. இப்ப நாம ஏழாம் நம்பர் மலைக்குப் போறோம். காத்து குளுகுளுன்னு அடிக்கிது. எங்க பாத்தாலும் பச்சப் பசேல்னு இருக்கு…"

அவளுடைய வலது கை அசைந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. பிறகு இடது கையும் தொடங்கியது. ஒக்சிஜன் அளக்க விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று தொங்கியது. விரிப்பின் மேல் இரண்டு கைகளும் வேகவேகமாக ஓடின.

"ஐயா, அம்மாட கை என்னா செய்யிது?" என்று கேட்டார் மிஸ்ஸி.

எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கருவியில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நான் பதறிப்போய், "மெதுவா, மெதுவா பாக்கியம்!" என்றேன். பதற்றத்தில் என் பழைய குரல் வந்துவிட்டது. கைகள் இன்னும் வேகமாக ஓடின. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

டொக்டர் என் தோளைத் தொட்டு வெளியே இருக்கச் சொன்னார். கொஞ்சமாக ஊசி போட்டு, மிஸ்ஸி காதருகே மூச்சை எண்ணிச் சொல்ல, மிகச் சிறிய அளவு மட்டும் விரித்து முடித்தார்கள். நான் நடைபாதையில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்தப் பெண்சாதி தன் கூட்டத்தில் இருந்தால் கங்காணி அவளுக்குச் சலுகை கொடுப்பான் என்று ஆட்கள் பேசுவார்கள். அப்படி ஒரு பேச்சு என்மேல் வந்துவிடக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். அதனால் காலையில் முதல் சத்தம் அவளுக்குத்தான். கல்லும் சரிவுமாக இருக்கும் மூன்றாம் நிரையை (தேயிலை வரிசையை) எப்போதும் அவளுக்கே கொடுத்தேன். மலையில் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மூணாம் நெரை, கை ஓடல!" என்பதுதான் நான் அவளிடம் அதிகமாகப் பேசிய பேச்சு. நியாயமான கங்காணி என்று தோட்டத்தை நடத்தும் தொரை என்னை நாலு பேர் முன்னால் பாராட்டியிருக்கிறார். நானும் அதை நம்பினேன். அந்த வாங்கில் உட்கார்ந்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதேன்.

மாலையில் வார்ட்டில் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாக்கியம், கலாவ பேசச் சொல்லுவமா? எனக்கு இது சரிவராது."

"நீங்க மலைன்னு சொன்னதும் கை தானா ஓடுதுங்க. நான் என்னா செய்ய?" என்றாள். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. "கலா பேசுனா அழுதுருவா. நீங்களே பேசுங்க. அந்த மலைய மட்டும் விட்ருங்க."

"சரி, வேற எங்க போவம்? ஒனக்குப் புடிச்ச எடம் எது?"

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோவிலா என்றேன். தாய் வீடா என்றேன். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். மூன்று நாள் யோசித்தாள். பிடித்த இடம் என்று ஒன்றைச் சொல்ல ஒரு மனுஷிக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அவளோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவனுக்கும் அது தெரியவில்லை.

நாலாம் நாள் காலை, அவளுக்குக் கொடுக்க மருந்துக் குளிசையைத் தூளாக்கிக்கொண்டிருந்தேன். "பெரகலையில பஸ்ஸு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். கொஸ்லந்தையில் என் தங்கை மகளின் சடங்குக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கலா தன் அத்தை வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஏற்றம் ஏறி வந்த பஸ் பெரகலைச் சந்தியில் பழுதாகி நின்றது. திருத்த ஆள் வரும்வரை ஒரு மதியம் முழுவதும் அங்கே ஒரு கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"அங்க என்னா இருந்துச்சு? மழையும் சேறுந்தானே."

"ஒண்ணுமே இல்ல. அதான் நல்லாருந்துச்சு. கைக்கு ஒரு வேலயும் இல்ல" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்களுக்குத் தொண்ட கட்டிருந்துச்சு. அன்னைக்கி பூரா நீங்க ஒரு சத்தம் போடலையே."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இதைக் கேட்ட டொக்டர், அப்படியானால் தொண்டை கட்டிய மனிதனைப் போலவே பேசுங்கள் என்றார். மிஸ்ஸி இன்னொன்று சொன்னார். "குழாய் தொண்டையில போகக்குள்ள அம்மா விழுங்கணும் ஐயா. விழுங்குறதுக்கு ஏதாச்சும் சேத்துச் சொல்லுங்க." அந்தக் கடையில் நான் ஒரு பணிஸ் (பன்) வாங்கி அவளுக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த முறை அடிக்குரலில் தொடங்கினேன். "பாக்கியம், பஸ்ஸு பெரகலைக்கு வந்து நின்னுருச்சு. நாம எறங்குறோம். மழ பெய்யிது. அவசரம் ஒண்ணுமில்ல. கைய மடியில வச்சுக்க." ஊசி போட்டார்கள். நான் நிறுத்தவில்லை. மழை தகரத்தில் விழும் சத்தத்தைச் சொன்னேன். கீழே வெல்லவாய பக்கம் வெயில் அடிப்பது தெரிகிறது என்றேன். மிஸ்ஸி கண்ணைக் காட்டியதும், "இந்தா, பணிஸ் வாங்கியாந்துருக்கேன். பாதி ஒனக்கு. தேத்தண்ணியில தொட்டுக்க. மெதுவா விழுங்கு" என்றேன்.

அவள் விழுங்கினாள். குழாய் இறங்கியது. கைகள் மடியில் வைத்த மாதிரியே கிடந்தன. அன்று விரிக்க வேண்டிய அளவை முழுவதும் விரித்தார்கள். ஒக்சிஜன் இறங்கவில்லை. டொக்டர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து பாக்கியம் குழைந்த சோறும் மசித்த கீரையும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்தாள். கலா போனில் அதைப் பார்த்துவிட்டுப் பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

இதே பாதையில் வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இது நோயைக் குணப்படுத்தாது. மயக்க மருந்துக்குப் பதிலும் இல்லை, அதற்குத் துணைதான். படித்த டொக்டர் பக்கத்தில் இல்லாமல் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் இது பிடிபடாது என்று டொக்டரே சொன்னார். முக்கியமாக, நோயாளி போக வேண்டிய இடத்தை நோயாளியிடம் கேளுங்கள். நமக்கு அழகாகத் தெரியும் இடத்தில் அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஐந்து முறை இப்படிச் செய்தோம். ஒவ்வொரு முறையும் மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான். "முடிஞ்சிருச்சாங்க? பஸ்ஸு நின்னுச்சு, எறங்குனோம், அது வரைக்கும் தெரியிது. அதுக்குப் பொறகு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நீங்க அங்கயேதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்பேன்.

மிஸ்ஸியிடம் கேட்டேன். "அந்த ஊசி அப்படித்தான் ஐயா. போட்ட பொறகு நடக்கிறது மனசுல தங்காது. கஷ்டம் ஞாபகம் இல்லாம இருக்கிறது நல்லதுதானே" என்றார். நல்லதுதான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் வாழ்நாளில் நான் தணிந்து பேசியது அந்த அரை மணி நேரங்களில்தான். அதை ஊசி துடைத்துவிடுகிறது. "மூணாம் நெரை" என்று கத்தியதைத் துடைக்க ஓர் ஊசி இல்லை.

அப்படியானால் வீட்டில் அவள் விழித்திருக்கும்போது பேச வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். "குளிசை குடிச்சியா?" என்றுதான் வந்தது. அதுவும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் குரலில் வந்தது. மருந்து வாசம் அடிக்கும் அறையில் நாலு பேர் முன்னால் பேச முடிந்தவனுக்கு, சொந்தக் காம்பராவில் கூச்சம் வந்து வாயை அடைத்தது. இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன்.

ஆறாம் முறை டொக்டர் குழாயை எடுத்துவிட்டு வெளியே வந்தார். சதை மெலிந்துவிட்டது, இனி விரித்தால் கிழிந்துவிடும் என்றார். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாயை மட்டும் வைத்து அனுப்பினார்கள். பாலும் மாக்கஞ்சியும் அந்தக் குழாயில் ஊற்ற வேண்டும். வாயால் சாப்பிடுவது அன்றோடு முடிந்தது. மிஸ்ஸி வாசல் வரை வந்து பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம். மதியம். எல்லோரும் மலைக்குப் போய்விட்டதால் லயம் அமைதியாக இருந்தது. பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்தது. வலி மருந்து கொடுத்து அதிக நேரம் ஆகவில்லை, அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் கண்ணில் பயம் தெரிந்தது. எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், பஸ்ஸு பெரகலைக்கு வந்து நின்னுருச்சு" என்றேன். சரியான குரல் வந்தது.

அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையைச் சொன்னேன், தகரத்தைச் சொன்னேன், கீழே அடித்த வெயிலைச் சொன்னேன். ஊசி துடைத்துவிட்டிருந்ததால் இது எல்லாம் அவளுக்குப் புதிது என்று பார்வையில் தெரிந்தது. மூச்சு கொஞ்சம் அடங்கியது. "இந்தா, பணிஸ் வாங்கியாந்துருக்கேன். பாதி ஒனக்கு…" என்றேன்.

"இல்லங்க" என்றாள்.

"என்னா இல்ல?"

"பணிஸ் நாந்தான் வாங்குனேன். ஒங்களுக்குக் கொரலு வரல, கடைக்காரருகிட்ட கேக்க முடியல. நான் போயி வாங்கியாந்து ஒங்க கையில குடுத்தேன்."

"சரி. பாதி ஒனக்குத் தந்தேன்ல?"

"தரலங்க. பசியில முழுசையும் நீங்களே தின்னுட்டீங்க. நான் வெறுந் தேத்தண்ணி குடிச்சேன்."

மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் அதைச் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். கடை ஞாபகம் வந்தது. கடுதாசியைக் கசக்கி மழையில் எறிந்தது ஞாபகம் வந்தது. சட்டையில் விழுந்த துகளைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. என் பக்கத்தில் அவள் கையில் என்ன இருந்தது என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் பார்த்திருக்கவில்லை. அவளுடைய வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று மூன்று நாள் யோசித்து அவள் எடுத்துத் தந்தது, நான் அவளை மறந்துவிட்டுத் தின்ற ஒரு மதியத்தை.

"என்னா நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டாள்.

"இத்தன நாளும் பொய்யத்தானே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

"பொய்யின்னா என்னா, நல்லாத்தானே இருக்கு?" என்றாள். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பாதி எனக்குன்னு சொன்னீங்கல்ல. அங்கேருந்து சொல்லுங்க."

சொன்னேன். பணிஸைப் பிய்த்தேன். பெரிய பாதியை அவளுக்குக் கொடுத்தேன். தேத்தண்ணியில் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். அவசரமே இல்லை, பஸ் எப்போது சரியாகுமோ அப்போது ஆகட்டும் என்றேன். அவள் தொண்டை அசைந்தது. வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுங்கினாள்.

"கொஞ்சம் காஞ்ச பணிஸ்" என்றாள். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. சற்று நேரத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளில் பெரும்பாலும் மருந்து மயக்கத்திலேயே கிடந்தாள். நான் பேசியதை அவள் முழு நினைவோடு கேட்டது அந்த ஒரு மதியம்தான். ஒரு நாள் முன்னால் தொடங்கியிருந்தால் இரண்டு மதியம் இருந்திருக்கும். ஒரு வருடம் முன்னால் தொடங்கியிருக்கலாம். கல்யாணம் முடித்த அன்றே தொடங்கியிருக்கலாம். இந்தக் கணக்குப் போடாமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

அவள் போன பிறகு எனக்குக் குரல் எழும்புவதில்லை. தொண்டையில் ஏதாவது வந்திருக்குமோ என்று கலா பயந்து என்னையும் பதுளைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தாள். ஒன்றும் இல்லை என்றார்கள். இருபத்தெட்டு வருடம் மணிக்கூட்டைப் பார்த்து ஊரை விரட்டியவனுக்கு இப்போது காலை எது, மதியம் எது என்று பிடிபடுவதில்லை. வாசலில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்கிறேன். கை மடியில் கிடக்கிறது. அது வேறு யாருடைய கையோ போல இருக்கிறது.

ஒரு நாள் பெரகலைக்குப் போய் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு வருவோம், மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கலா கூப்பிடுகிறாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே போனால் நான் தின்ற பணிஸ்தான் இருக்கும். அவளுக்குக் கொடுத்த பாதி இந்தக் காம்பராவில்தான் இருக்கிறது.